அமுதா கலந்த டிரம்

இப்போதெல்லாம் ட்ரோனில் மருந்து அடிக்கிறார்களாம். போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ட்ரெயினிங்காம். "மேடம், நீங்க வந்து ஒரு சக்சஸ் ஸ்டோரி சொல்லணும். பத்து நிமிஷம் போதும்" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. சக்சஸ் ஸ்டோரி என்ன, கடையில் தொங்குகிற ஷாம்பு பாக்கெட்டா, கிழித்துக் கொடுக்க? ஆனாலும் போனேன். ரிட்டயர் ஆனவளை யாராவது கூப்பிட்டால் மனசு போகத்தானே சொல்கிறது.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகர ஷெட், அதை ஒட்டி ஒரு சின்ன லேப், அவ்வளவுதான். ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து பழுப்புக் கடல்பாசி காய்ந்து மூட்டை மூட்டையாக வரும். அதிலிருந்து சாறு எடுத்து, கேனில் அடைத்து, விவசாயிகளுக்கு விற்போம். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். ஒரு பெயின்ட் கம்பெனியில் கொஞ்ச காலம், ஒரு ஸ்கூலில் கொஞ்ச காலம், கல்யாணம், குழந்தை என்று சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். வேலை முடிந்து சித்லபாக்கம் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து, "மீன் வாங்கிட்டுப் போறீங்களாம்மா?" என்பார். "ஆமா, வஞ்சரம்" என்று சொல்லிவிடுவேன். யார் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருப்பது!

சாறு எடுப்பது சமையல் மாதிரிதான், ஆனால் அவசரப்படக் கூடாத சமையல். மூட்டையைப் பிரித்து மண், சிப்பி, கயிற்றுத் துண்டு எல்லாம் பொறுக்க வேண்டும். உப்பு போகிறவரை அலச வேண்டும். உப்பு தங்கினால் இலை கருகிப்போகும். பிறகு பொடித்து, பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் ஸ்டீல் அண்டாவில் போட்டு, கொதிக்க விடாமல் மெதுவாக வேகவைக்க வேண்டும். துணியில் வடித்து ஆறவைத்தால் வெல்லப்பாகு நிறத்தில் ஒரு சாறு நிற்கும். கடைசியாக ஒரு சோதனை உண்டு. கண்ணாடி ஜாடியில் எங்கள் போர் தண்ணீரைப் பிடித்து, அதில் கொஞ்சம் சாறு விட்டு, அப்படியே வைத்துவிட்டுப் பார்ப்போம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவா வேண்டும், குடத்தின் அடியெல்லாம் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். பாசிச் சாற்றுக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாது. சரியாக வந்த சாறு தண்ணீரில் இருக்கிற அளவைத் தாங்கிக்கொள்ளும், சரியில்லாதது திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். அப்படித் திரி விழுந்தால் அந்த பேட்ச் வெளியே போகாது.

போகாது என்று சொல்கிறவர் ஹெலன் மேடம். டெக்னிகல் மேனேஜர், எனக்கு மேலதிகாரி. ஒல்லியாக, உயரமாக, எப்போதும் காட்டன் புடவையில் இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும், அதுதான் அடையாளம். சாதாரண நாளில் "வசந்தி, இங்க வா" என்பார். "வசந்திம்மா, கொஞ்சம் வர்றீங்களா?" என்றால் தொலைந்தோம் என்று அர்த்தம். விவசாயி யாராவது போனில் "மேடம், கொடிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றால் மேடம் பதிலே சொல்ல மாட்டார். "பந்தலுக்கு அடியில போய் நில்லுங்க. ஒரு இலையைத் திருப்புங்க. என்ன தெரியுது?" என்பார். அந்த ஆள் நடந்து போய்ச் சேர்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருப்பார். நோட்டீஸ் அச்சடிக்க வந்தால் அதில் 'மருந்து' என்று இருக்கிற இடமெல்லாம் அடித்துவிடுவார். "இது மருந்து இல்ல வசந்தி. மருந்துன்னு போட்டா, நோய் வந்தப்புறம் வாங்கிட்டுப் போவாங்க."

விஷயம் அதுதான். பாசிச் சாறு திராட்சையின் நோயைக் கொல்லாது. அதைத் தெளித்தால் கொடிக்கு யாரோ 'திருடன் திருடன்' என்று கத்தினது மாதிரி இருக்கும். கொடி தானாகவே கதவைத் தாழ்போட்டுக்கொள்ளும், இலை தடிக்கும், எதிர்ப்பு கூடும். திருடன் வருவதற்கு முன்னால் கத்த வேண்டும். உள்ளே வந்து பீரோவைத் திறந்த பிறகு கத்தி என்ன பிரயோஜனம்? முன்னாலேயே ஆரம்பித்து, வரிசை தப்பாமல் தெளித்துக்கொண்டு வந்தால் விஷ மருந்து அடிக்கிற தடவைகள் நிறையக் குறையும். அதற்குமேல் மேடமும் சொன்னதில்லை, எங்களையும் சொல்லவிட்டதில்லை.

இப்போது தனசேகருக்கு வருகிறேன். மண்ணிவாக்கம் தாண்டி உள்ளே அவருடைய நிலம். பூர்வீகமாக அந்த ஊர்க்காரர்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் நிலத்தை பிளாட் போட்டுவிட்டு ஹார்டுவேர் கடை, வாடகை வீடு என்று ஆகிவிட்டார்கள். இவர் ஒரு ஏக்கரில் கல் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டார். ஊரே சிரித்தது. "மெட்ராஸ்ல திராட்சையா?" "ஏன், எங்க மாமியார் வூட்டு மாடில காய்க்கலயா?" என்பார் இவர். சிரித்த முகம். கொடியைத் தொடும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும்.

அவர் எங்களிடம் வந்ததற்குக் காரணம் இயற்கை விவசாயப் பற்று கிற்று எல்லாம் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் கத்தரிக்குப் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது காற்று திரும்பிவிட்டது. வரப்பிலேயே விழுந்துவிட்டார். வாயில் நுரை தள்ள, அவர் மனைவி அமுதா ஒரு லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டு, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பிழைத்துவிட்டார். ஆனால் பூச்சி மருந்தின் வாசனைகூட இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அமுதா என்னிடம் முதல் நாளே சொன்னாள்: "யக்கா, உங்க பாசி மட்டும்தான் இந்தக் கேட்டுக்குள்ள வர்லாம். வேற எந்த டிரம்மாச்சும் உள்ள வந்துச்சுன்னா, நான் வெளிய பூடுவேன். ஒரு தபா ஆட்டோல தூக்கினு போனது போதும்."

அதனால் அந்தப் பந்தல் எங்கள் டெமோ தோட்டமாகவும் ஆனது. எங்கள் கம்பெனி ஓனர் சார் ரோடு முனையில் ஒரு பெரிய போர்டு வைத்தார்: 'கடல்பாசியால் மட்டுமே காக்கப்படும் திராட்சை'. அந்த 'மட்டுமே' மேடத்துக்கு ஆகவே ஆகாது. கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு வெயில் காலம் நன்றாகவே ஓடியது. இலை கையில் பிடித்தால் தோல் மாதிரி இருந்தது. தனசேகருக்குத் தைரியம் வந்துவிட்டது. பொங்கலுக்குப் பழம் வர வேண்டும் என்று, மழைக்கு முன்னால் பூ வருகிற மாதிரி கவாத்து செய்துவிட்டார். கிளையை வெட்டிவிட்டால் புதுத் துளிர் வந்து, பூ வந்து, ஐப்பசி மழை நேராக அந்தப் பூவில் இறங்கும். மேடம் வேண்டாம் என்றுதான் சொன்னார். "பாத்துக்கலாம் மேடம்" என்றார் இவர். கொடி வளர்க்கிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை எப்போதும் வாயில் இருக்கும்.

தீபாவளி முடிந்த வாரம் போன் வந்தது. அதற்கு முன்னால் விடாத மழை. மேடம் வழக்கம்போல இலையைத் திருப்பச் சொன்னார். போனில் இலை சலசலத்தது. அப்புறம் தனசேகர், "மாவு கொட்டின மாதிரி கீது மேடம்" என்றார். அடிச்சாம்பல் நோய். மேலே எண்ணெய் பட்டது மாதிரி மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளை. பூங்கொத்தில் ஏறினால் கொத்தோடு கருகிக் கொட்டிவிடும்.

நாங்கள் இரண்டு பேரும் உடனே போனோம். பார்த்தோம். கிழக்குப் பக்கம் மோசம், மேற்குப் பக்கம் இப்போதுதான் ஆரம்பம். பாசி விட்ட கொடி என்பதால் நோய் மெதுவாகத்தான் பரவியிருந்தது. ஆனால் வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு மடங்கு பாசி அடிச்சிரலாமா மேடம்?" என்று தனசேகர் ஆசையாகக் கேட்டார். மேடம் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இல்ல தனசேகர். இப்ப எங்க சாறு உங்களுக்கு உதவாது. போர்டோ கலவை அடிச்சாதான் கொத்து நிக்கும்."

போர்டோ கலவை என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும். பழைய வைத்தியம். பூச்சி மருந்து மாதிரி ஆளைச் சாய்க்கிற சரக்கு இல்லை. இயற்கை விவசாயத்தில்கூட அளவோடு விடுகிறார்கள். ஆனால் அமுதாவுக்கு டிரம் என்றால் டிரம்தான். கேட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கொடி போனா போவுதுக்கா. எனக்கு இன்னா, திராட்சை தின்னாதான் சோறு எறங்குமா?" என்றாள். தனசேகர் ஒரு கொத்தைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றார். அமுதா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரு இங்க இருக்கக் கூடாது. காஞ்சப்புறம்தான் வரணும். கூலிக்காரங்க அடிக்கட்டும்" என்றாள்.

வழியில் ஓனர் சாருக்கு மேடம் போன் செய்தார். "டெமோ தோட்டத்துல போய் மயில்துத்தம் அடிச்சா எப்படி மேடம்? போர்டு என்னாவறது?" என்று அவர் குதித்தது எனக்கே கேட்டது. "போர்டைக் கழட்டிடலாம் சார்" என்றார் மேடம், என்னமோ ஃபேனை அணைக்கலாம் என்கிற மாதிரி.

மறுநாள் காலையில் வெயில் வந்தது. தனசேகரைப் பம்மலில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. ஆனால் கூலிக்காரர்கள் வரவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள், போன் ஸ்விட்ச் ஆஃப். கிழக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. இந்தக் கலவை இலையில் காய வேண்டும். காய்வதற்குள் மழை விழுந்தால் அத்தனையும் தண்டம். நான் பேஜாராகி யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தேன். அமுதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையிலும் மூக்கிலும் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நான் அடிக்கிறேன். அவராண்ட சொல்லாதீங்க."

மேடம் கலந்து காட்டினார். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் மயில்துத்தம், இன்னொன்றில் சுண்ணாம்பு, தனித்தனியாகக் கரைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவதில் ஊற்ற வேண்டும். வானத்து நீலத்தில் நுரைத்துக்கொண்டு நிற்கும். அதில் ஒரு இரும்புக் கத்தியை முக்கி எடுக்க வேண்டும். கத்தி சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். கத்தி சிவக்கவில்லை. டிரம்மில் ஊற்றி, தண்ணீர் சேர்த்தோம். மேடம் எந்தக் கொடி ரொம்ப மோசம் என்று பார்க்கக் கோடிக்குப் போனார். நான் ஸ்ப்ரேயர் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இன்ஜின் ஓடியது. அமுதா ஹோஸைத் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச தூரம் நன்றாக வந்தது, பிறகு சொட்ட ஆரம்பித்தது, பிறகு அதுவும் நின்றது. நாஸிலைக் கழற்றினேன். பழுப்பாக ஒரு கொழகொழப்பு. ஓடிப்போய் டிரம்மைத் திறந்தால், நோன்புக்குப் பாய் வீட்டிலிருந்து வருமே கடல்பாசி இனிப்பு, அது உடைந்து மிதக்கிற மாதிரி டிரம் முழுக்கக் கட்டி கட்டியாக நிற்கிறது. பக்கத்தில் எங்கள் கேன் காலியாகக் கிடந்தது.

"என்னம்மா ஊத்துனே இதுல?"

"உங்க பாசிதான்க்கா."

"அறிவிருக்கா உனக்கு? சுண்ணாம்புல அதைப் போய் ஊத்துவாங்களா? கேன் மேலயே போட்டிருக்கு இல்ல! மேகம் ஏறிட்டு நிக்குது, போச்சு, எல்லாம் போச்சு!" கத்து கத்தென்று கத்தினேன். என் வாய் அப்படி.

அவள் அழவில்லை. "விஷத்த முறிக்கும்னு நெனச்சேன்க்கா" என்றாள். "பாசி நல்லதுதானே. அதையும் போட்டா அது கொஞ்சம் சாந்தமாவும்னு. நாளைக்கு அவரு வந்து இந்த எலைய எல்லாம் தொடுவாரே. தொடாம இருக்க மாட்டாரே."

அதற்கு நான் என்ன கெமிஸ்ட்ரி சொல்ல?

மேடம் வந்து டிரம்மை எட்டிப் பார்த்தார். "வசந்திம்மா, நீங்க கொஞ்சம் கத்தாம இருக்கீங்களா?" என்றார். தொலைந்தேன். அமுதாவிடம் சாதாரணமாக, "சுத்தமான டிரம் இருக்கா வூட்ல?" என்று அவள் பாஷையிலேயே கேட்டார். குடிதண்ணீர் டிரம்மைக் காலி செய்து உருட்டிக்கொண்டு வந்தாள். ஹோஸைக் கழுவினோம், ஃபில்டரைப் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். ஆனால் மீதியிருந்த மயில்துத்தத்தைக் கலந்தால் பாதிப் பந்தலுக்குத்தான் வரும். வாங்கப் படப்பைக்கு ஓடினால் அதற்குள் மழை வந்துவிடும்.

"மோசமான பக்கம் அடிக்கலாம் மேடம்" என்றாள் அமுதா. கிழக்குப் பக்கத்தில்தான் தனசேகர் நட்ட முதல் கொடிகள் இருந்தன.

"இல்லம்மா. அது தாண்டிடுச்சு. மேக்கால இருக்கறத காப்பாத்தலாம்."

"அவரு கேப்பாரே மேடம்."

"நான் சொன்னேன்னு சொல்லு."

அமுதா முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு மேற்கே திரும்பினாள். ஹோஸை மேலே தூக்கியே பிடித்திருந்ததில் நீலத் தண்ணீர் அவள் கையெல்லாம் வழிந்தது. இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி, ஒரு கொத்து விடாமல் அடித்தாள். அப்படிப் பொறுமையாக அடித்து நான் பார்த்ததில்லை. மழை உடனே வந்துவிடவில்லை. காய்வதற்கு நேரம் கொடுத்துவிட்டுத்தான் பிடித்துக்கொண்டது.

கிழக்குப் பாதி போய்விட்டது. கொத்து கொத்தாகக் கருகி உதிர்ந்தது. மேற்குப் பாதி நின்று, பொங்கலுக்குப் பழுத்தது. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் ஒரு ஒழுங்கு வந்தது: வருஷம் முழுக்கப் பாசி, மழைக்கு முன்னால் மட்டும் போர்டோ, இரண்டும் ஒரே நாளில் கிடையாது. அந்த ஒழுங்கைத்தான் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் சொன்னோம். ட்ரெயினிங் பிள்ளைகளுக்கு இது வரைக்கும்தான் சொன்னேன், அவர்கள் கைதட்டினார்கள். அமுதா ஹோஸைப் பிடித்த அன்று சாயங்காலம் நடந்ததை எனக்கு அங்கே சொல்லத் தெரியவில்லை.

மழை விட்ட நேரத்தில் தனசேகர் வந்துவிட்டார். மழை விழுந்ததும் பம்மலில் இருப்பு கொள்ளவில்லை போலிருக்கிறது. நாங்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் பந்தலைப் பார்க்கவில்லை. அமுதாவின் கையைத்தான் பார்த்தார். எத்தனை சோப்பு போட்டும் முழங்கை வரை நீலம் போகவில்லை.

"யாரு அடிச்சது?"

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஆளுங்க வர்லியா? நீயா அடிச்ச?" என்றார். "ஒனக்கு எதனா ஆயிருந்தா நான் இன்னா பண்றது? எனக்கு ஆட்டோ ஓட்டத் தெரியுமா, இல்ல உன்ன மாதிரி தூக்கினு ஓடத் தெரியுமா?" கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராகப் பந்தலுக்குப் போனார். கவாத்து செய்கிற பெரிய கத்தரிக்கோல். மேற்குப் பக்கம், காலையெல்லாம் அவள் அடித்த பக்கம். ஒரு கொடியின் அடித்தண்டில் கத்தரிக்கோலின் வாயை வைத்துவிட்டார். "வேணாம். ஒண்ணுமே வேணாம். எல்லாத்தையும் வெட்டிடறேன்."

நான் எழுந்தேன். மேடம் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அமுதா மெதுவாகத்தான் நடந்து போனாள். கத்தரிக்கோலைப் பிடுங்கவில்லை. அவர் கைமேல் தன் நீலக் கையை வைத்தாள்.

"நீ ஆஸ்பத்திரில கெடந்ததுலேர்ந்து நான் பயந்துகினுதான் கீறேன். நீ தோட்டத்துக்குப் போனா பயம். இருமினா பயம். தூங்கினா மூச்சு வருதான்னு பாப்பேன். அதுக்குன்னு உன் கொடிய நான் வெட்டினேனா?" என்றாள். "இப்ப உன் முற. பயப்படு. பயந்துகினே அந்தக் கம்பில கொடிய கட்டு, காத்துல அவுந்து தொங்குது பாரு."

அவர் அழுதுகொண்டே நின்றார். பிறகு கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து சணல் கயிற்றை உருவி, கொடியைத் தூக்கிக் கம்பியில் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். ஈரக் கொடியில் முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. அமுதா கொடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.